முந்துவதற்கு 470 மீட்டர் வேண்டும்

2025 நவம்பர் 24, திங்கட்கிழமை. தென்காசி மாவட்டம் இடைகால் அருகே இரண்டு தனியார் பேருந்துகள் நேருக்கு நேர் மோதின. ஒன்று மதுரையிலிருந்து செங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது, மற்றது தென்காசியிலிருந்து கோவில்பட்டிக்கு. அன்று ஒரே நாளில் ஆறு பேர் இறந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நவம்பர் 30, சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் கும்மங்குடியில் இரண்டு அரசுப் பேருந்துகள் அதேபோல மோதின. அங்கே பத்துப் பேருக்கு மேல் உயிர் போனது.

அந்த இரண்டு விபத்துகளுக்கும் யார் காரணம் என்பதைக் காவல்துறையும் நீதிமன்றமும் முடிவு செய்யட்டும். நேருக்கு நேர் மோதல் என்றால் ஏதோ ஒரு வண்டி தன் பாதியை விட்டு எதிராளியின் பாதியில் இருந்தது என்று பொருள். தூக்கக் கலக்கத்தில் அப்படி ஆகும், டயர் வெடித்தும் ஆகும். ஆனால் இருவழிச் சாலையில் ஒருவர் தெரிந்தே, விரும்பியே எதிர்ப்பாதிக்குள் வண்டியை விடுகிற தருணம் பெரும்பாலும் ஒன்றுதான். அது முந்துகிற தருணம்.

இடைகால் வழியாகப் போவது நம் ராஜபாளையம் வட்டாரத்துச் சாலைதான். திருமங்கலத்தில் பிரிந்து தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று இறங்கி, ஆரியங்காவு ஏறிக் கொல்லம் போய்ச் சேரும் தேசிய நெடுஞ்சாலை 744. பழைய எண் 208. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலைக்கான வேலை எடுக்கப்பட்டது. ராஜபாளையத்துக்குத் தெற்கே நெடுந்தூரம் இருவழிதான். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வேன்களும் ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குப் போகும் கார்களும் இதில்தான் போகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரக் கூட்டம், கேரளாவுக்குச் சரக்கு ஏற்றும் லாரி, ஷிப்ட் முடிந்து பெண்களை ஊர் ஊராக இறக்கிவிடும் மில் வேன், தென்னை மட்டை ஏற்றிய டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதே தார்தான். ஒன்றுக்கொன்று வேகம் ஒத்துப்போகாத வண்டிகள் ஒரே பாதையில் போனால் முந்தல் தவிர்க்க முடியாதது. அதை எங்கே செய்வது, எங்கே செய்யக்கூடாது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடுதான் முதலிடம். நாடு முழுவதும் நடந்த விபத்துகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று நேருக்கு நேர் மோதல்.

சாலையை வடிவமைக்கும் பொறியாளர்கள் முந்தலுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிநூல்களில் அது இருக்கிறது. 80 கி.மீ. வேகத்துக்காக வடிவமைத்த இருவழிச் சாலையில் ஒரு வண்டி இன்னொன்றைப் பத்திரமாக முந்த வேண்டுமென்றால் முன்னால் 470 மீட்டர் தூரம் மறைவில்லாமல் தெரிய வேண்டும். 60 கி.மீ. வேகத்துக்கு 300 மீட்டர். 100 கி.மீ. வேகத்துக்கு 640 மீட்டர். அதே 80 கி.மீ. வேகத்தில் பிரேக் போட்டு நிற்பதற்கு வேண்டிய தூரம் 120 மீட்டர்தான். நிற்பதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு தூரம் முந்துவதற்குத் தேவைப்படுகிறது. பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு இது தெரியாது. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறவர்களிடம் எட்டுப் போடச் சொல்கிறோம், இதைச் சொல்லித் தருவதில்லை.

அந்த 470-க்குள் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. முந்தி முடிக்க 12.5 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்கிறார்கள். எதிரே வருகிற வண்டிக்கு அந்த 12.5 விநாடியையும் எண்ணுவதில்லை, அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 8.5 விநாடியை மட்டுமே எண்ணுகிறார்கள். முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் எதிர்வண்டி கண்ணில் பட்டால் ஓட்டுநர் மனம் மாறிப் பின்வாங்கிவிடுவார் என்பது அதிலுள்ள நம்பிக்கை. வெளியே எடுத்துவிட்டால் திரும்ப உள்ளே வருவதே இல்லை என்று ஓட்டுகிறவருக்கு 470-ம் போதாது, 550 மீட்டருக்கு மேல் வேண்டும்.

இதை நம் சாலையில் வைத்துப் பார்க்கலாம். 50 கி.மீ. வேகத்தில் ஒரு லாரி. பின்னால் 70-ல் ஒரு பேருந்து. பேருந்தின் நீளம் 12 மீட்டர், லாரியின் நீளம் 10 மீட்டர், விலகும்போது 15 மீட்டர் இடைவெளி, திரும்ப உள்ளே வரும்போது 15 மீட்டர். பேருந்து லாரியைவிடக் கூடுதலாகக் கடக்க வேண்டியது 52 மீட்டர். 20 கி.மீ. வேக வித்தியாசத்தில் அதற்கு 9 விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பேருந்து 180 மீட்டர் போயிருக்கும். எதிரே 80-ல் வரும் கார் 200 மீட்டர் வந்திருக்கும். கூட்டினால் 380-க்கும் மேல். இதில் ஒரு மீட்டர்கூட மிச்சம் கிடையாது, முடிக்கிற இடத்தில் இரண்டு வண்டியும் முட்டி நிற்கும். நிஜத்தில் பேருந்து முதலிலேயே 70-ல் இருப்பதுமில்லை. லாரியின் வாலில் 50-ல் உருண்டுகொண்டிருந்து, ஆள் நிறைந்த பாரத்தோடு கியரைக் குறைத்து மேலே ஏற வேண்டும்.

470 மீட்டர் எவ்வளவு என்று கண்ணுக்குப் பிடிபட ஒரு வழி உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கற்கள் நட்டிருப்பார்கள். 2, 4, 6, 8 என்று எண் இருக்கும். வண்டி நின்றிருக்கும்போது ஒரு கல்லிலிருந்து இரண்டு கல் தள்ளிப் பாருங்கள். அது 400 மீட்டர். அங்கே வரும் மோட்டார் சைக்கிள் எவ்வளவு சிறியதாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் அப்பால் வெறும் சாலை தெரிந்தால்தான் லாரியை முந்த முடியும்.

இனி கோடுகள். நடுவில் விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால், வழி தெளிவாக இருந்தால் தாண்டலாம். கோட்டுத் துண்டுகள் நீண்டு இடைவெளி குறுகத் தொடங்கினால் முன்னால் வளைவோ தடையோ வருகிறது என்ற முன்னறிவிப்பு. தொடர்கோடு என்றால் முந்துவதற்காகத் தாண்டக் கூடாது. இரட்டைத் தொடர்கோடு இரு பக்கத்தாருக்கும் தடை. ஒன்று தொடர்கோடும் ஒன்று விட்டகோடுமாக இருந்தால், உங்கள் பக்கத்தில் இருக்கும் கோடு எதுவோ அதுவே உங்களுக்குச் சட்டம். 1989-ன் சாலை விதிமுறைகளிலேயே, மஞ்சள் கோட்டால் பிரிக்கப்பட்ட சாலையில் ஒன்றையொன்று முந்தும் வண்டிகள் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று எழுதிவைத்திருந்தார்கள். வளைவிலும் மேட்டிலும் முன்னால் தெரியாத எந்த இடத்திலும் முந்தக் கூடாது என்பதும் அதே விதிமுறைகளில் இருந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, சட்டத்துக்கு மாறாக முந்துவது 184-ஆம் பிரிவின்கீழ் அபாயகரமாக ஓட்டும் குற்றங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தொடர்கோட்டை யாரும் அழகுக்காகப் போடுவதில்லை. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்து, எதிரே வரும் வண்டியும் அதே உயரம் என்று வைத்து, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை பார்வை மறைகிறது என்று கணக்கிட்டுத்தான் போட வேண்டும் என்பது விதி. பாலத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவரும் காரை நீங்கள் பார்க்கவே முடியாது. “ரோடு காலியாத்தானே கெடக்கு” என்று தோன்றுகிற இடத்தில் தொடர்கோடு இருந்தால், அந்தக் காலி பொய் என்று ஒருவர் அளந்து சொல்லியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து விட்டகோட்டில் இருக்கிறது. விட்டகோடு இருக்கும் இடமெல்லாம் முந்துவதற்குப் பாதுகாப்பான இடம் என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. சாலை நெடுக 470 மீட்டர் பார்வை கிடைக்கச் செய்வது செலவு பிடிக்கும் வேலை. ஆகவே அது கிடைக்காத இடங்களில் நிற்கும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு, அதாவது 240 மீட்டர் இருந்தால் போதும் என்று நம் விதிநூலே விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதை. மணிக்கு 50 மைல் வேகமுள்ள சாலையில் பார்வை 800 அடிக்கு, அதாவது சுமார் 245 மீட்டருக்குக் குறைந்தால்தான் அங்கே முந்தத் தடைக்கோடு தொடங்கும். வடிவமைப்பு நூல்கள் அதே வேகத்துக்கு 1,835 அடி வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தன. தடைக்கோடு இல்லாத இடத்துக்கும் பத்திரமான இடத்துக்கும் நடுவே இத்தனை பெரிய இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை ஓட்டுநரின் நிதானம்தான் நிரப்ப வேண்டும். தொடர்கோடு தடை என்றால் தடைதான். ஆனால் விட்டகோட்டை அனுமதி என்று நம்பிவிடக் கூடாது.

கோடு போட்டவர் கணக்கில் எடுக்காதவை நிறைய. வைக்கோல் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் இரு பக்கமும் பிதுங்கி நிற்கும். பின்னால் ஒட்டிப் போகிற காருக்கு வைக்கோலைத் தவிர ஒன்றும் தெரியாது. ஓட்டுநர் எட்டிப் பார்க்க வண்டியின் பாதியை நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவார். எதிரே மோட்டார் சைக்கிளில் குடும்பத்தோடு வருகிறவர் அந்த நொடியில் தாரை விட்டு மண்ணுக்கு இறங்க வேண்டும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண் பள்ளம் இருந்தால் அவர் விழுவார். முந்தியவருக்கு அவர் விழுந்ததே தெரியாமல் போகலாம். ஐந்து மீட்டரில் ஒட்டாமல் முப்பது மீட்டர் பின்தங்கிப் போனால் நடுக்கோட்டைத் தொடாமலே லாரிக்கு முன்னால் இருக்கும் சாலை தெரியும். முந்த விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது பின்தங்குவது.

இரவில் ஒற்றை விளக்கு எரிகிற லாரியை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து இடம் விடாமல் போனவர்கள் உண்டு. எதிரே வரும் வெளிச்சத்தை மட்டும் வைத்து வண்டியின் வேகத்தைச் சரியாக மதிப்பிட முடியாது.

பிறகு வால் பிடிக்கிறவர்கள். பேருந்து விலகி முந்துகிறது. பின்னால் வந்த காரும் யோசிக்காமல் கூடவே விலகுகிறது. பேருந்து ஓட்டுநர் தன் ஒரு வண்டிக்கு மட்டுமே இடம் பார்த்து ஏறினார். அவர் உள்ளே புகுந்ததும் திரை விலகியதுபோல எதிர்வண்டி காரின் முன் நிற்கிறது. லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே நுழைய இடம் இருக்காது. முன்னால் போகிறவர் பார்த்த சாலை உங்கள் சாலை இல்லை. ஒவ்வொரு முந்தலுக்கும் அவரவர் கண்ணால் பார்த்த 470 மீட்டர் வேண்டும்.

தெற்கத்திச் சாலைகளுக்கே உரியது விலக்கு, அதாவது ஊருக்குள் போகும் கிளைச்சாலை பிரிகிற இடம். தளவாய்புரம் விலக்கு, சொக்கநாதன்புத்தூர் விலக்கு என்று சில கிலோமீட்டருக்கு ஒன்று. முன்னால் போகும் லாரி ஏன் வேகத்தைக் குறைக்கிறது என்று பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் போகும் டிவிஎஸ் ஃபிப்டிக்காரர் விலக்கில் வலது பக்கம் திரும்புவதற்காக லாரி பொறுத்து நிற்கலாம். “சான்ஸ் கெடச்சது” என்று ஏறுகிற பேருந்து திரும்புகிறவரின் மேலேயே போகும். விலக்குப் பலகையைப் பார்த்தால் கோடு எப்படி இருந்தாலும் முந்தும் எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது.

சைகைகளிலும் உயிர்க் குழப்பம் இருக்கிறது. லாரிக்காரர் இடது இண்டிகேட்டர் போட்டால் ‘ஏறிப் போ’ என்றும், வலது போட்டால் ‘எதிரே வண்டி வருது, பொறு’ என்றும் பழக்கத்தில் ஓர் அர்த்தம். சட்டப்படி இடது என்றால் இடதுபுறம் திரும்புகிறார், வலது என்றால் வலதுபுறம் திரும்புகிறார். எந்த அர்த்தத்தில் போட்டார் என்பதைப் பின்னால் வருகிறவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. விளக்கை அடித்துக் காட்டுவதும் அப்படித்தான். நம் ஊரில் எதிரே விளக்கு அடித்தால் ‘நான் நிற்கமாட்டேன், நீ ஒதுங்கு’ என்று பொருள். அதை ‘நீ வா’ என்று எடுத்துக்கொண்டவர் அடுத்த நொடியில் அதற்கு விலை கொடுப்பார். இன்னொருவர் காட்டும் சைகையை நம்பி முந்தக் கூடாது. அவருக்கு உங்கள் வண்டியின் இழுவையும் தெரியாது, உங்கள் நீளமும் தெரியாது.

தனியார் பேருந்துக்கு டைமிங் என்றொரு நெருக்கடி இருக்கிறது. முன்னால் போகிற வண்டிக்கும் பின்னால் வருகிற வண்டிக்கும் நடுவே சில நிமிடங்கள்தான். கலெக்‌ஷனைப் பொறுத்துப் படி என்றால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிற ஆட்கள் ஓட்டுநருக்குக் கூலி. இந்த அழுத்தத்தை ஓட்டுநரின் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கால அட்டவணை தருகிறவர்களும் படி தருகிறவர்களும் அதற்குப் பொறுப்பு. ஆனால் கிடைக்கிற லாபம் எவ்வளவு? ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ஏறத்தாழ 12 கி.மீ. வழி முழுவதும் 50-லேயே போனால் சுமார் 14 நிமிடம், 70-லேயே போக முடிந்தால் 10 நிமிடம். நான்கு நிமிடம். ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் ஊர் நெரிசல் அந்த நான்கு நிமிடத்தைத் தின்றுவிடும்.

இதுவரை சொன்னது நெடுஞ்சாலை. அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலை வேறு வகை. ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலை வழியாக, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தின் பக்கம், மாந்தோப்பும் தென்னந்தோப்புமாக மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக்குப் போகிறது. ஆற்றில் தண்ணீர் வரத்து இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் குளிக்கவும் நீர் காத்த அய்யனாரைக் கும்பிடவும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒரு வண்டியில் மூன்று பேர், முன்னால் டேங்கில் குழந்தை. தோப்பு வேலியும் மரமும் வளைவை மறைக்கும் இப்படிப்பட்ட ஒடுங்கிய சாலையில் நடுக்கோட்டை எதிர்பார்க்கக் கூடாது. கோடு இல்லையே என்று முந்துகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று: முந்துவதற்கு வேண்டிய தூரத்தில் பாதிகூட அங்கே கண்ணுக்குத் தெரியாது. மலையடிவாரச் சாலையில் முன்னால் போகும் வண்டியின் வேகமே உங்கள் வேகம். நெடுஞ்சாலையில் ஓடிவந்த கால், முடங்கியாறு சாலையில் திரும்பியதும் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழ வேண்டும். நான்குவழிச் சாலை முடிந்து இருவழியில் நுழையும் இடத்திலும் இதே ஆபத்து. கண்ணும் காலும் பழைய வேகத்திலேயே இருக்கும், எதிரே வண்டி வரும் என்ற நினைப்பு உடனே வராது.

சாலையை வைத்திருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. புதுத் தார் போட்டுவிட்டு வாரக்கணக்கில் கோடு போடாமல் விடுவது, வளைவில் ஓட்டுநருக்குக் கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம். தெர்மோபிளாஸ்டிக் கோட்டில் கலக்கும் கண்ணாடி மணிகள்தான் இரவில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. அவை தேய்ந்துபோனால் பகலில் தெரிகிற கோடு மழை இரவில் காணாமல் போகும். ஸ்வீடன் 1998-ல் யேவ்லே நகருக்கு அருகே 13 மீட்டர் அகலச் சாலை ஒன்றை மூன்று தடமாகப் பிரித்து, நடுவில் கம்பிவடத் தடுப்பு போட்டது. முந்துவதற்கான தடம் ஒரு பக்கத்துக்குச் சில தூரம், மறு பக்கத்துக்குச் சில தூரம் என்று மாறி மாறி வரும். அப்படி மாற்றிய சாலைகளில் இறப்பு முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. ஓட்டுநர்களின் குணம் மாறியதால் வந்த பலன் இல்லை அது, எதிர்ப்பாதிக்குள் போகவே முடியாதபடி செய்ததால் வந்தது. தார் போட்ட தோள்பகுதியோடு சேர்த்தே 10 மீட்டர் அகலமுள்ள நம் இருவழிச் சாலைகளில் அப்படியே அதைச் செய்ய முடியாது. ஆனால் சேத்தூருக்கும் சிவகிரிக்கும் நடுவே, புளியங்குடிக்கும் கடையநல்லூருக்கும் நடுவே சில கிலோமீட்டருக்கு ஒரு முந்தும் தடம் அமைத்துக் கொடுக்கலாம். அடுத்த இடம் எங்கே என்று தெரிந்தால் மனிதன் பொறுப்பான்.

தவறாக ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் என்ன செய்வது? உங்கள் முன்பக்கம் லாரியின் முன்பக்கத்தைத் தாண்டாதவரை பிரேக்கை அழுத்திப் பின்வாங்குவதே வழி. கூடுதலாக மிதித்தால் எதிர்வண்டியை நோக்கிப் போகும் வேகம்தான் கூடும். முந்தப்படுகிற வண்டி வேகம் கூட்டக் கூடாது என்பது 1989-லிருந்தே விதி, காலை எடுத்து இடம் கொடுக்க வேண்டும். எதிரே வருகிறவர் விளக்கு அடித்து உரிமையை நிலைநாட்ட நினைக்காமல் பிரேக் போட்டு இடதுபக்கம் ஒதுங்க வேண்டும். ‘என் கார் ஐந்து நட்சத்திரம்’ என்ற தைரியமும் இங்கே உதவாது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் காரை 64 கி.மீ. வேகத்தில், நசுங்கிக்கொடுக்கும் தடுப்பின் மேல் மோத விடுகிறார்கள். எதிரே 70-ல் வரும் பேருந்து அந்தச் சோதனையில் இல்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பேருந்து ஓட்டுகிறவர்கள் சிலர்தான் இருப்பீர்கள். பேருந்தில் உட்கார்ந்து போகிறவர்கள் பலர். தொடர்கோட்டைத் தாண்டி வண்டி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். “அண்ணே, வளைவுல ஏறாதீங்க, மெதுவாவே போவோம்” என்று சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் முறைப்பார்கள், நான்கு பேர் சொன்னால் கேட்பார்கள். கேட்காவிட்டால் பேருந்தின் எண்ணையும் நேரத்தையும் இடத்தையும் குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் கோடு அழிந்து கிடந்தால் 1033-க்குக் கூப்பிட்டு அருகிலிருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் 108. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகை வரை, அரசே ஏற்கிறது. பணத்துக்கு என்ன செய்வது என்று தயங்கி ஒரு நிமிடமும் இழக்க வேண்டாம்.